தாளும் குரலும்: நீலாய்த் தோட்டப்புறத்தை முன்வைத்துத் தமிழ்த் துண்டு வெளியீடுகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழியல் ஆய்வில் கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் உரிய இடம் உண்டு. அச்சு நூலும் இதழும் அவற்றின் பின் சான்றுகளாக ஏற்கப்பட்டுள்ளன. ஆனால், ஒரே தாளில் அச்சிட்டு இலவசமாகக் கையளிக்கப்படும் துண்டறிக்கையையும், எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ கொண்டு ஓரணாவுக்கும் ஐந்து காசுக்கும் விற்கப்பட்ட சிறு வெளியீட்டையும் நாம் வரலாற்றுச் சான்றாகக் கருதுவது அரிது. படித்தபின் மடித்து மூலையில் செருகப்படுவதும், பலகாரம் பொட்டலம் கட்டப்படுவதுமே அவற்றின் இயல்பான முடிவாக இருந்து வந்துள்ளன.

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இப்புறக்கணிப்பு பெரும் இழப்பாகும். தோட்டப்புறத் தமிழர் தம் கருத்தைப் பெரும்பாலும் நூலாக எழுதவில்லை. அவர்களுக்காகவும் அவர்களாலும் எழுதப்பட்டவை பெரிதும் இத்தகைய தாள்களே. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நீலாய்த் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டு, துண்டு வெளியீடு என்பது யாது, அது தமிழர் வாழ்வில் எவ்வாறு பயன்பட்டது, எவ்வகைத் தாள்கள் எஞ்சின, எவை அழிந்தன, அதன் காரணம் யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லும் வரையறையும்

ஆங்கிலத்தில் இவ்வகை வெளியீட்டைக் குறிக்கும் 'பாம்ப்லெட்' என்னும் சொல் ஒரு கவிதையின் பெயரிலிருந்து பிறந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் இயற்றப்பட்ட 'பாம்பிலஸ்' என்னும் சிறு காதற்கவிதை ஐரோப்பாவில் பரவலாகப் படியெடுக்கப்பட்டது. அதன் பெயரே நாளடைவில் கட்டடம் இல்லாத சிறு ஏடு எதற்கும் உரிய பொதுப்பெயராயிற்று. 1964ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் புள்ளிவிவரத் தேவைக்காக ஒரு வரையறை வகுத்தது. அதன்படி, மேலட்டை நீங்கலாக ஐந்து பக்கத்திற்குக் குறையாமலும் நாற்பத்தெட்டுப் பக்கத்திற்கு மிகாமலும் உள்ள, பருவ இதழ் அல்லாத வெளியீடே பாம்ப்லெட் ஆகும்.

தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைபெறவில்லை. சிறுநூல், குறுநூல், சிறு வெளியீடு என்பன பல பக்கங்கள் கொண்டவற்றைக் குறிக்கும். துண்டறிக்கை, துண்டுப் பிரசுரம் என்பன ஒற்றைத் தாளைக் குறிக்கும். மக்கள் வழக்கில் இவற்றுள் ஒற்றைத் தாள் 'நோட்டீஸ்' எனப்படுகின்றது. இவ்விரு வகையையும் சேர்த்தே 'துண்டு வெளியீடு' என நாம் இங்குக் குறிப்பிடுகின்றோம். பக்க எண்ணிக்கையில் வேறுபடினும் பயன்பாட்டில் இவை ஓரினத்தவை. இரண்டும் விரைந்து அச்சேறுவன; விலை குறைந்தன அல்லது விலையற்றன; ஒரே நோக்கம் கொண்டன; ஒரு குறிப்பிட்ட நாளையோ நிகழ்ச்சியையோ ஒட்டி எழுந்தன. நூலாசிரியன் வருங்கால வாசகனையும் எண்ணி எழுதுகின்றான்; துண்டறிக்கை எழுதுபவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எண்ணி எழுதுகின்றான்.

மேலை நாட்டு வரலாற்றில் இவ்வகை வெளியீட்டின் ஆற்றலை உணர்த்த இரு சான்றுகள் போதும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதரின் சமயச் சீர்திருத்தம் சிறு வெளியீடுகளின் வழியாகவே பரவியது. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அச்சமுதாயத்தில், படித்தவர் ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் சூழ நின்று கேட்டனர். 1776ஆம் ஆண்டு சனவரியில் தாமஸ் பெயின் அமெரிக்காவில் வெளியிட்ட 'பொது அறிவு' என்னும் சிறுநூல், அவ்வாண்டு சூலையில் அறிவிக்கப்பட்ட விடுதலைக்கு மக்கள் மனத்தை ஆயத்தப்படுத்திற்று. துண்டு வெளியீட்டின் வீச்சை அளக்க அச்சிட்ட படிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. கேட்ட செவிகளையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பது இவற்றால் விளங்கும்.

தமிழ் மரபில் துண்டு வெளியீடு

தமிழகத்தில் துண்டு வெளியீட்டின் வரலாறு அச்சுக்கலையின் வரலாற்றோடு உடன்பிறந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகம் 1713இல் தமிழ் அச்சைத் தொடங்கியபோது முதலில் வெளியிட்டவற்றுள் சமயக் கண்டனச் சிறுநூலும் ஒன்று. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் அதன் பின்னரே அச்சேறியது. சிறு வெளியீடு முன்னே நடக்க, பெருநூல் பின்னே வந்தது எனலாம்.

1835ஆம் ஆண்டில் மெட்காப் கொணர்ந்த சட்டத்தால் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கின. அதன்பின் மிசனரிமார் கையாண்ட கருவியையே அவர்களை எதிர்த்தோரும் எடுத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1849இல் அச்சகம் நிறுவிய ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். பின்னர் இராமலிங்க அடிகளின் பாடல்களை முன்னிட்டு எழுந்த அருட்பா மருட்பா வாதம் பெரிதும் கண்டனமும் மறுப்புமாகச் சிறு வெளியீடுகளிலேயே நடந்தது.

புலவர் வாதங்களுக்கு அப்பால் பொதுமக்களுக்கென ஓர் அச்சுலகமும் இருந்தது. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கொலை, கொள்ளை, வெள்ளம், இரயில் விபத்து முதலிய செய்திகளைச் சிந்தாகவும் கும்மியாகவும் பாடின. ஆ. இரா. வேங்கடாசலபதி இவற்றை 'முச்சந்தி இலக்கியம்' என்னும் பெயரால் ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தியுள்ளார். தெருவில் பாடியே விற்கப்பட்ட இந்நூல்கள், கேட்டவர் வாயிலாகவும் பரவின.

அரசியல் துறையிலும் இதே நிலைதான். 1911 சூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டதை ஒட்டி நடந்த விசாரணையில் 'ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்' என்னும் துண்டறிக்கை அரசின் கைக்கு வந்தது. சுயமரியாதை இயக்கம், 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழோடு நில்லாமல், மலிவு விலைச் சிறு வெளியீடுகளைத் தொடர்ந்து பரப்பியது.

இங்கு ஒரு முரணைக் கருதுதல் வேண்டும். இவ்வெளியீடுகளுள் பல இன்று நமக்குக் கிடைப்பது அவற்றைப் போற்றியவர்களால் அன்று, அவற்றை ஐயுற்றவர்களால். ஆஷ் வழக்கின் துண்டறிக்கை குற்றச்சான்றாகக் கோப்பில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூல்கள் பதிவு செய்யப்பட்டமையால் எண்ணற்ற பாட்டுப் புத்தகங்களின் பெயர்களேனும் பட்டியலில் நின்றன. கண்காணிக்கும் அரசே காப்பகமுமாயிற்று. இக்கருத்து மலாயாவுக்கு வரும்போது மேலும் கூர்மை பெறுகின்றது.

மலாயாவில் துண்டு வெளியீடு

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவற்றை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் நூற்பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கு அச்சிடப்பட்ட நூல்களின் பட்டியல் அரசிதழில் வெளியானது; பதிவுக்குத் தரப்பட்ட படிகளுள் பல இலண்டனுக்குச் சென்று சேர்ந்தன. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான தமிழ்ச் சிறுநூல்களை இன்று நாம் ஆராய முடிவது இதனாலேயே. நெகிரி செம்பிலானோ நீரிணைக் குடியேற்றங்களுள் அடங்காதது. 1896 முதல் மலாய்க் கூட்டு மாநிலங்களுள் ஒன்று. ஆகவே, துறைமுக நகரங்களின் தாள்கள் பதிவேட்டில் இடம்பெற்ற அளவுக்கு உள்நாட்டுத் தோட்டங்களுக்குள் சுழன்ற தாள்கள் இடம்பெற வழியில்லை.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு மேற்கொண்ட பயணம் இந்நாட்டுத் தமிழரிடையே சீர்திருத்தச் சொல்லாடலை வலுப்படுத்தியது. கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. துண்டு வெளியீட்டின் விலையில் ஓர் இதழை நடத்துதல் என்னும் அம்முயற்சி, அதன் வாசகர் யாவர் என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1941இல் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது, சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் கோரிக்கையாயிற்று. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். எழுதுவோனுக்கும் தோட்டத்துக்கும் இடையே பாலம் அமையும்போது என்ன நிகழும் என்பதை ஆட்சியாளர் அன்று அறிந்துகொண்டனர்.

நீலாய்த் தோட்டப்புறமும் வாசிப்பும்

நீலாய், சிலாங்கூர் எல்லையை ஒட்டிச் சிரம்பான் மாவட்டத்தில் அமைந்தது. கோலாலம்பூரையும் சிரம்பானையும் இணைக்கும் இருப்புப்பாதையில் பாத்தாங் பெனார், நீலாய், லாபு ஆகியவை அடுத்தடுத்த நிலையங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாதை அமைந்த காலமே இவ்வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமுமாகும். பால் இரயிலேறிச் சென்ற அதே வழியில் அரிசியும் கடிதமும் செய்தித்தாளும் வந்தன.

இரயில் நிலையம் வரை வந்த தாள் தோட்டத்துக்குள் நுழைவது எளிதன்று. தோட்டம் தனியார் நிலம். வெளியார் உள்ளே வர நிருவாகத்தின் இசைவு வேண்டும். பேச்சாளரைத் தடுத்து நிறுத்தலாம், கூட்டத்தை மறுக்கலாம். ஆனால் சட்டைப்பையில் மடித்து வைத்த ஒரு தாளைத் தடுப்பது கடினம். சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் சென்று மீளும் தொழிலாளியே அதன் அஞ்சற்காரன். நூலுக்கும் இதழுக்கும் வாய்க்காத இவ்வெளிமையே துண்டறிக்கையைத் தோட்டப்புறத்தின் உரிய ஊடகமாக்கிற்று.

உள்ளே வந்த தாளைப் படிப்பவர் யார்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என விதித்தது. அப்பள்ளிகளில் கிராணியோ கங்காணியோ ஆசிரியராகப் பணியாற்றியதும் உண்டு. ஆயினும் அங்குப் பயின்ற பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றனர். லயத்து வாசலில் மாலை வேளையில் பிள்ளை படிக்கப் பெரியவர் கேட்டனர். அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் பெரிய எழுத்துப் பதிப்புகளில் படிக்கப்பட்ட அதே இடத்தில், அதே இராகத்தில் அல்லது அதை ஒட்டிய குரலில், கூட்ட அறிவிப்பும் படிக்கப்பட்டது. நீண்ட வாக்கியங்களும் விளிப்பெயர்களும் அடுக்குமொழியும் நிறைந்த பழைய துண்டறிக்கை நடையைக் கண்ணால் படிக்கும் நாம் மிகையெனக் கருதக்கூடும். அது செவிக்கு எழுதப்பட்ட நடை. கேட்பவர் நினைவில் நிற்கவேண்டி மீண்டும் மீண்டும் கூறும் நடை.

தொழிற்சங்க வரலாற்றில் நெகிரி செம்பிலானுக்குத் தனியிடம் உண்டு. பி. பி. நாராயணன் 1946இல் தம் தொழிற்சங்கப் பணியை இம்மாநிலத் தோட்டத் தொழிலாளரிடையே தொடங்கினார். பல சங்கங்கள் இணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளரானார். அச்சங்கம் 'சங்கமணி' என்னும் தமிழ் ஏட்டை நடத்தியது. இரண்டு சங்கங்கள் ஒன்றாவதையும், கூலி ஒப்பந்தத்தின் விதிகளையும் எழுத்தறியாத பால்வெட்டுத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியிருந்த காலம் அது. பெரட்டுக் களத்தில் துரையின் ஆணை வாய்மொழியாக வந்தது. சங்கத்தின் மறுமொழி தாளில் வந்தது. ஆணையை மறுத்துக் கூற எழுத்துச் சான்று ஒன்று கையில் இருத்தல் என்பதே தொழிலாளிக்குப் புதிய நிலை.

நெருக்கடிநிலையும் தாள்களின் அழிவும்

1948 சூனில் மலாயாவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1960 சூலை 31இல் முடிவுற்றது. இப்பன்னிரண்டு ஆண்டுகளில் துண்டறிக்கை இருவேறு முகங்களைக் காட்டிற்று.

ஒருபுறம், அரசு வரலாறு காணாத அளவில் துண்டறிக்கைகளை அச்சிட்டது. சரணடையுமாறு அழைக்கும் தாள்களும், பாதுகாப்பாக வெளிவர உதவும் அனுமதிச் சீட்டுகளும் சீனம், மலாய், தமிழ் முதலிய மொழிகளில் கோடிக்கணக்கில் வானூர்திகளிலிருந்து காடுகளிலும் காட்டோரங்களிலும் வீசப்பட்டன. மறுபுறம், கிளர்ச்சியாளர் தொடர்பான ஆவணத்தை வைத்திருப்பதே தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பதிவு 1948இல் நீக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். தோட்ட லயங்களும் பல இடங்களில் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன.

இந்நிலையில் எளிய தொழிலாளி ஒருவன் எத்தாளை வைத்திருப்பான், எத்தாளை அடுப்பிலிடுவான் என்பதை ஊகிப்பது அரிதன்று. அனுமதிக்கப்பட்ட சங்க அறிக்கைக்கும் தடைசெய்யப்பட்ட சங்க அறிக்கைக்கும் வேறுபாடு காண இயலாதவன், எத்தாளும் இல்லாதிருத்தலே பாதுகாப்பு என்று கொள்வான். இதன் விளைவு இன்று தெளிவாகத் தெரிகின்றது. வானிலிருந்து வீழ்ந்த தமிழ்த் தாள்கள் இலண்டனிலும் பிற இடங்களிலும் காப்பகங்களில் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. தரையில் கைமாறிய தமிழ்த் தாள்கள் பெரும்பாலும் இல்லை. தொழிலாளரை நோக்கிப் பேசிய குரல் எஞ்சியது. தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்ட குரல் மறைந்தது. அரசு ஆவணங்களையும் தோட்ட முதலாளிகளின் பதிவேடுகளையும் மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாற்றில் தோட்டத் தமிழர் எண்ணிக்கையாகவும் சிக்கலாகவும் மட்டுமே தோன்றுவது இதனாலேயே.

கோயில் அறிவிப்பும் காலக்கணிப்பும்

அரசியல் தாள்கள் அழியினும் எல்லாம் அழிந்துவிடவில்லை. ஐயத்துக்கு இடமளிக்காத ஒருவகைத் துண்டறிக்கை பூசையறைகளிலும் பெட்டிகளிலும் தங்கியிருக்க இடமுண்டு. அது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அறிவிப்பு. பிள்ளையார் சுழியில் தொடங்கி, நிகழ்ச்சி நிரல், உபயகாரர் பட்டியல், நிருவாகக் குழு எனச் செல்லும் இத்தாளை ஆய்வாளர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உபயகாரர் பட்டியல் ஒரு சமுதாய வரைபடம். கிராணிமார் உபயம் எந்த நாளில், பால்வெட்டுத் தொழிலாளர் உபயம் எந்த நாளில், கடைக்காரர் உபயம் எந்த நாளில் என்னும் வரிசை, அத்தோட்டத்தின் படிநிலையைத் தானே காட்டிவிடும். எந்தெந்தப் பிரிவுகள் அத்தோட்டத்தில் இருந்தன, எந்த அண்டைத் தோட்டங்கள் அழைக்கப்பட்டன என்பனவும் அதிலேயே கிடைக்கும். அடியில் உள்ள அச்சகத்தின் பெயர், அவ்வட்டாரத்தின் அச்சு வரலாற்றுக்கு ஆதாரம்.

ஆங்கில ஆண்டு குறிக்கப்படாத தாள்களின் காலத்தைக் கணிக்கச் சில வழிகள் உள. தமிழ் ஆண்டுப்பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள்வது. பார்த்திப ஆண்டு எனில் 1945–46 ஆகலாம், 2005–06உம் ஆகலாம். எது என்பதை ஏனைய குறிப்புகளைக் கொண்டே துணிய வேண்டும். நாட்டின் பெயர் மலேசியா எனக் காணப்படின் 1963 செப்டம்பர் 16ஐ ஒட்டியோ அதன் பின்னரோ அச்சானது எனலாம். எழுத்து வடிவம் மற்றொரு கருவி. ணை, லை, னா, றா முதலியவற்றின் சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்றது. பின்னர் மலேசியப் பாடநூல்களும் அவற்றை மேற்கொண்டன. ஆனால் பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் அவ்வடிவங்களைக் கையாண்டார். ஆதலால், 1978க்கு முந்தியது எனப் பிற சான்றுகளால் உறுதிப்படும் தாளொன்றில் சீர்திருத்த எழுத்துக் காணப்படின், அதைச் சுயமரியாதை இயக்கச் சார்பின் குறியாகக் கொள்ள இடமுண்டு. பழைய வடிவம் இருப்பதாலேயே தாள் பழையது என்று துணிதல் கூடாது. அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகள் நெடுநாள் புழங்கின.

இன்றைய நிலையும் நம் கடமையும்

நீலாய் வட்டாரம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1998இல் அண்டைய சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. தோட்டங்கள் இருந்த இவ்வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் உயர்கல்வி நிலையங்களும் எழுந்துள்ளன. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனை நின்றது. செம்பனை இருந்த இடங்களில் கட்டடங்கள் நிற்கின்றன. குபாங் தோட்டம் போன்ற பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. லயம் கலையும்போது முதலில் குப்பைக்குச் செல்வது பழைய காகிதமே. தொழிலாளியின் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குப் பெயரும்போது தகரப்பெட்டியைச் சுமந்து செல்வதில்லை.

1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் வெளியீட்டாளர் தம் வெளியீட்டின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்கின்றது. ஆயினும் சிற்றூர் அச்சகத்திலிருந்து நேரே கோயிலுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் செல்லும் ஒற்றைத் தாளைச் சட்டத்தின் வலையால் மட்டும் சேகரித்துவிட இயலாது. இப்பணிக்கு உரியவர் தமிழாசிரியரே. ஒருகாலத்தில் லயத்து வாசலில் தாளைப் படித்துக் காட்டிய பள்ளிப்பிள்ளையின் இடத்தில் இன்று அவருடைய மாணவர் உள்ளனர்.

மாணவர்வழிப் பழைய அழைப்பிதழ், திருவிழா அறிவிப்பு, சங்கச் சுற்றறிக்கை, பள்ளி ஆண்டுவிழா மலர் ஆகியவற்றைப் பெற்றுப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரலாம். தாள் எவ்வீட்டில், எத்தோட்டத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துவைத்தல் தாளைப் போலவே இன்றியமையாதது. அதனினும் இன்றியமையாதது, அத்தாளைக் கேட்டவர் உயிரோடு உள்ளபோதே அவர் கூற்றைப் பதிவு செய்தல். யார் படித்தார், எங்கே படித்தார், கேட்டபின் என்ன நிகழ்ந்தது என்பனவற்றைத் தாள் சொல்லாது. கேட்டவரே சொல்லுதல் வேண்டும்.

நிறைவுரை

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறைக்குத் துணைநிற்கச் சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டியபோது தோட்டத் தொழிலாளரும் தம் சிறு தொகையைத் தந்தனர். தமிழ் நூல்களைப் பேணும் நூலகம் அவர்கள் காசாலும் வளர்ந்தது. அந்நூலகத்தில் சங்க இலக்கியத்துக்கும் சமய இலக்கியத்துக்கும் இடம் கிடைத்தது. காசு கொடுத்தவர் கையில் இருந்த தாளுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

துண்டு வெளியீடு பக்கத்தால் சிறியது, பயனால் சிறியதன்று. அதன் மதிப்பு அதைப் படித்த குரலிலும் கேட்ட செவியிலும் தங்கியிருந்தது. தாள் அழிந்தும் குரல் எஞ்சியுள்ள கடைசித் தலைமுறை நம்மிடையே இருக்கின்றது. நீலாயின் ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் இவ்வாண்டே இதைத் தொடங்கினால், தோட்டத் தமிழர் வரலாற்றுக்கு அவர்தம் சொற்களிலேயே சில பக்கங்கள் சேரும்.